எடுத்தாச்சு

வாய் நிறையப் பற்பசை நுரையோடு அவள் குழாயடியில் குனிந்திருந்தபோது, பின்னால் அலமாரிப் பக்கமிருந்து "கை" என்று குரல் வந்தது. துப்பிவிட்டுப் பதில் சொல்ல நேரமாகும். நேரமானால் அவன் மறுபடி கேட்பான். மறுபடி கேட்டால் முதலில் கேட்டது செல்லாது, கதவை அகலத் திறந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பான். அதனால் நுரையோடேயே "எதுத்தாத்து" என்றாள். அலமாரி மூடும் சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். கணவன் ஒரு கையால் கதவைப் பிடித்தபடி, வலது காலைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தான். சட்டை தோளில் கிடந்தது. "சரியாச் சொல்லேன்" என்றான், கெஞ்சலாகத்தான். அவள் துப்பினாள். இரண்டு கைகளையும் அவன் கண்ணில் படும்படி தூக்கிக் காட்டினாள். "எடுத்தாச்சு." அவன் கால் தரையில் விழுந்தது, கதவு மூடியது. அந்த நாள் அப்படித் தொடங்கியது. அந்த வீட்டில் எல்லா நாளும் அப்படித்தான் தொடங்கிக்கொண்டிருந்தது.

வெளியாள் பார்த்தால் பைத்தியக்காரத்தனம் என்பான். பட்டறையில் அதற்குப் பெயர் சட்டம். தகட்டை அடித்து டப்பா மூடி செய்கிற பட்டறை அது. பிரஸ் மெஷினின் மேல்பாதி ஆள் உயரத்துக்கு மேலே தொங்கும். கீழ்ப்பாதியில் தகட்டை வைத்தால் மேலிருந்து இரும்பு இறங்கும், தகடு மூடியாக எழுந்திருக்கும். ஒருவன் தகடு வைப்பான். இன்னொருவன் பெடலை மிதிப்பான். மிதிப்பவன் மிதிப்பதற்கு முன்னால் "கை" என்று கத்த வேண்டும். வைப்பவன் கையை வெளியே இழுத்துக்கொண்டு "எடுத்தாச்சு" என்று கத்த வேண்டும். அதன்பிறகுதான் கால் இறங்கலாம். இதை யாரும் சுவரில் எழுதி ஒட்டவில்லை. விரல் போனவர்கள் மிச்சமிருந்தவர்களுக்கு விட்டுப்போன சொத்து அது. அவன் மிதிக்கிறவன். வைக்கிறவனுக்கு, அவன் மூக்குக்கண்ணாடியின் தடிமனால், சோடா என்று பெயர். மீசை முளைத்ததிலிருந்து இரண்டு பேரும் ஒரே மெஷினில்தான் நின்றார்கள். கட்டிக்கொண்ட பெண்டாட்டிகளிடம் பேசியதைவிட ஒருவரோடொருவர் அதிகம் பேசியிருப்பார்கள். பேசியதெல்லாம் இரண்டே சொல்.

ஒருநாள் அவன் "கை" என்றபோது சோடாவுக்குத் தும்மல் வந்தது. மெஷின் இரைச்சலில் அந்த "ஹாச்சு" அவன் காதில் "எடுத்தாச்சு"வின் வாலாக விழுந்தது. மிதித்துவிட்டான். இரும்பு மேலே ஏறியபோது கீழே ஐந்து விரல்களோடும் ஒரு கையுறை தகட்டோடு தகடாக நசுங்கிக் கிடந்தது. கையுறை மட்டும்தான். தும்மிய வேகத்தில் சோடாவின் கை அதிலிருந்து உருவிக்கொண்டு மூக்குக்குப் போயிருந்தது. வெறுங்கையால் மூக்கைப் பொத்தியபடி சோடா இரண்டாவது தும்மலைத் தும்மிக்கொண்டிருந்தான். பட்டறையே சிரித்தது. மூக்குக்கு மாலை போட வேண்டும் என்றார்கள். அவனும் சிரித்தான். வீட்டுக்கு வந்து அவளிடம் சொல்லிக்காட்டும்போதும் சிரித்தான். அன்று சாயங்காலம் மழைச்சாரல் அடித்தது என்று ஜன்னலைச் சாத்தப் போனவன், விளிம்பில் கைவைத்து நின்றிருந்த அவளைப் பார்த்து "கை" என்றான். விளையாடுகிறான் என்று நினைத்து அவளும் "எடுத்தாச்சு" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஜன்னல் மூடியது.

இதில் யாருக்கு என்ன போயிற்று? ஒரு கையுறை. அதனால்தான் யாருக்கும் அவன்மேல் இரக்கம் வரவில்லை. விரல் துண்டாகி ரத்தம் ஓடியிருந்தால், பாவம், பயந்துவிட்டான் என்று சொல்லியிருப்பார்கள். நடக்காத ஒன்றுக்கு எப்படி ஆறுதல் சொல்வது? ஜன்னலுக்கு வந்த சொல் வாசல் கதவுக்கு வந்தது, பிறகு அலமாரிக்கு, ஃபிரிஜ்ஜுக்கு, மேசை இழுப்பறைக்கு, கடைசியில் சோப்புப் பெட்டிக்கும் வந்தது. பட்டறையில் ஒரு மூடிக்கு மூன்று தடவை "கை" கேட்டான். சோடா மூன்று தடவையும் சலிக்காமல் சொன்னான். மூடிகள் குறைந்தன. மேனேஜர் அவனைப் பேக்கிங்குக்கு மாற்றினார். பேக்கிங்கில் அட்டைப்பெட்டிகளை மூட வேண்டும். அங்கேயும் கேட்டான். கொஞ்ச நாள் வீட்டில் இருந்து உடம்பைப் பார்த்துக்கொள் என்று அனுப்பிவிட்டார்கள். தெருமுனை டீக்கடையில் வேலையில்லாதவர்களுக்கு ஒரு வேலை கிடைத்தது. இவன் தலை தெரிந்ததும் எவனாவது ஒருவன் "கை" என்பான், பெஞ்சு முழுக்க "எடுத்தாச்சு" என்று பாடும். அவன் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினான்.

அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்தாள். துவைத்த விரிப்புகளைச் சூடான உருளைக்குள் கொடுத்து இஸ்திரி போடுகிற இடம். அவள் வேலைக்குப் போனதும் வீட்டில் பதில் சொல்ல ஆள் இருக்காது. அதனால் அவன் எதையும் மூட மாட்டான். அவள் திரும்பி வரும்போது வாசல், குளியலறை, அலமாரி, ஃபிரிஜ், இழுப்பறைகள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். ஃபிரிஜ்ஜுக்குக் கீழே தண்ணீர் தேங்கி, பால் திரிந்திருக்கும். நடுவில் நாற்காலி போட்டு அவன் உட்கார்ந்திருப்பான், காவல்காரன் மாதிரி. அவள் பையைக்கூட இறக்கி வைக்காமல் ஒவ்வொரு கதவாக நின்று "எடுத்தாச்சு" சொல்லிக்கொண்டே போவாள். அவன் மூடிக்கொண்டே வருவான். சோடா ஒரு யோசனை சொன்னான் என்று அவள் குரலை ஃபோனில் பதிந்து வைத்துப் பார்த்தார்கள். இரண்டு நாள் ஓடியது. பிறகு அவனே ஃபோனை அணைத்துவிட்டான். "இது நேத்து எடுத்த கை. இன்னிக்கு எங்க இருக்குன்னு இதுக்கு எப்படித் தெரியும்?" என்றான். அவன் சொன்னதில் தப்பு இருப்பதாகவும் அவளுக்குத் தோன்றவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

சோடாதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து விஷயத்தை உடைத்தான். மாதம் முடிவதற்குள் அவன் வந்து நின்றால் பேக்கிங் வேலை உண்டு, இல்லாவிட்டால் வேறு ஆள் போடுவோம் என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம். டாக்டரிடம் போகலாம் என்றதும் அவன் எழுந்து உள்ளே போகப் பார்த்தான். சோடா சட்டையைப் பிடித்து உட்கார வைத்தான்.

"டேய், மெஷின் மிதிக்காமலே தானா அடிச்சா என்ன பண்ணுவோம்? உக்காந்து திட்டுவோமா? கழட்டிப் பாப்போம்ல?" என்றான். பிறகு அவள் பக்கம் திரும்பி, "என் கை போகல தங்கச்சி. இவன்தான் கைமீறிப் போயிட்டான்" என்றான். சிரிப்பதற்காகச் சொன்னதுதான். சொன்னவனே சிரிக்கவில்லை. போகும்போது வாசலில் நின்று, கேட்காமலே, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு படி இறங்கினான்.

மனநலப் பிரிவு அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலேயே இரண்டாவது மாடியில் இருந்தது. வார்டுகளை அவள் துணியை வைத்து அறிவாள். எலும்பு முறிவுக்காரர்களின் விரிப்பில் கட்டுப்போட்ட மாவு ஒட்டியிருக்கும், பிரசவ வார்டுக்குத் தனித் தொட்டி. மனநலப் பிரிவின் விரிப்புகளை நினைவுக்குக் கொண்டுவர முயன்றாள். ஒன்றும் வரவில்லை. மற்ற விரிப்புகளைப் போலவேதான் இருந்திருக்கின்றன. இத்தனை வருஷம் கையில் வாங்கியும் அதைக் கவனித்ததில்லையே என்று பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு நினைத்தாள். பக்கத்தில் ஒருவர் செய்தித்தாளின் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற கூட்டம் போலத்தான் இருந்தது.

டாக்டர் சின்ன வயதுப் பெண். அவன் சொன்னதையெல்லாம் நடுவில் பேசாமல் கேட்டார். தும்மலைச் சொன்னபோது சிரிக்கவில்லை. அவன் அதைக் கவனித்தான். அதன்பிறகுதான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தான். "கை அங்க இல்லன்னு எனக்குத் தெரியாம இல்ல டாக்டரம்மா. தெரியுது. தெரிஞ்சும் இந்தக் கால்ல வந்து நிக்குது" என்று வலது தொடையைத் தட்டிக் காட்டினான். அவன் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. வீட்டில் அவன் சொல்வதை யாரும் இப்படிக் காதுகொடுத்துக் கேட்டதுமில்லை.

"பயம் வருது. நீங்க கேக்கறீங்க. இவங்க பதில் சொல்றாங்க. பயம் போயிடுது" என்றார் டாக்டர். "அவங்க சொன்னதாலதான் போச்சுன்னு மனசு கத்துக்குது. வேலைக்கு வந்தவுடனே கூலி குடுத்தா, நாளைக்கு அது வருமா வராதா?"

"வரும்" என்றான்.

"கூலிய நிறுத்தணும்."

மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீட்டில் சின்ன மூடியிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். வாசல் கதவு கடைசி. அவன் கேட்பான், அவள் சொல்லக்கூடாது. கூலியை நிறுத்தினால் முதலில் அது கூச்சல் போடும், முன்னைவிட அதிகமாகக் கேட்கும், விட்டுக்கொடுத்தால் இன்னும் உரமேறும், பொறுத்திருந்தால் பயம் தானாக ஏறித் தானாக இறங்கும் என்றார். கூலியை நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதை அவர்கள் இரண்டு பேருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. அவன் அவளைப் பார்த்து, டாக்டர் முன்னாலேயே, "நான் கேட்டாலும் சொல்லாத" என்றான்.

சோப்புப் பெட்டியிலிருந்து ஆரம்பித்தார்கள். அவன் குளியலறையில் பெட்டியைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பான். அவள் சுவருக்கு இந்தப் பக்கம் நிற்பாள். "கை" என்பான். அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள். குழாய் சொட்டுவது கேட்கும். மறுபடி கேட்பான், குரல் உயரும், வேறு ஆள் குரல் மாதிரி இருக்கும். ஒருதரம் "ஒரு சோப்பு டப்பாவுக்கு இவ்வளவு கல்நெஞ்சா உனக்கு" என்றான். பனியன் நனைந்து, உதடு வெளுத்து, கடைசியில் பெட்டி மூடுகிற சின்னச் சத்தம். வெளியே வந்து தலை துவட்டிக்கொண்டே அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். அவளும் சிரித்தாள். மறுநாள் கொஞ்சம் சீக்கிரம் மூடியது. இழுப்பறை மூடியது. அலமாரிகூட ஒருவாரத்தில் மூடத் தொடங்கியது. டாக்டரிடம் போய்ப் பெருமையாகச் சொன்னார்கள். எழுந்து வெளியே வந்தபோது அவன் அறைக்கதவின் பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றான். அவள் லேசாக இருமினாள். கதவு மூடியது.

மூடிய கதவு உடனே திறந்தது. டாக்டர் நின்றிருந்தார். "அந்த இருமல் எத்தன நாளா இருக்கும்மா?"

அவளுக்கு முகம் சுட்டது. அவன் தரையைப் பார்த்தான். கையும் களவுமாகப் பிடிபட்ட இரண்டு பிள்ளைகள். எப்போது ஆரம்பித்தது என்று சத்தியமாக அவளுக்கே தெரியாது. அலமாரி நாட்களில் ஒருநாள் நிஜமாகவே இருமியிருப்பாள். அவன் மூடியிருப்பான். மறுநாள் தொண்டை தானாகக் கரகரத்திருக்கிறது. இருமல் வராத நேரத்தில் கரண்டியால் பாத்திரத்தை ஒரு தட்டுத் தட்டியதும் இப்போது ஞாபகம் வந்தது. சொல்லாகக் கொடுப்பதை நிறுத்தியதும் நோய் சத்தமாக வாங்கிக்கொண்டது. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

டாக்டர் திட்டவில்லை. அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம், "அவருக்குக் கூலி நீங்க குடுக்கறீங்க. உங்களுக்கும் எங்கேயோ ஒரு கூலி கெடைக்குதும்மா. என்னன்னு யோசிச்சுப் பாருங்க" என்றார். அவளுக்குக் கோபம் வந்தது. எனக்கென்ன கூலி? ஓய்ந்த கையோடு வந்து ஒவ்வொரு கதவாக நின்று வாய் நோகக் கத்துகிறேனே, அதுவா? சலவைக்கூடத்துக்கு இறங்கும் படிகள் முழுக்க அந்தக் கோபத்தோடு போனாள்.

உருளையின் இந்த முனையில் அவளும் அந்த முனையில் இன்னொருத்தியும் விரிப்பின் மூலைகளைப் பிடித்து உள்ளே கொடுக்க வேண்டும். அங்கே யாரும் கை என்று கேட்பதில்லை, பேசினாலும் கேட்காது. ஒருமுறை, கையுறை நாளுக்கெல்லாம் முன்னால், உருளை அவள் வலது கை மணிக்கட்டுக்கு மேலே சுட்டுவிட்டது. தோல் உரிந்து கட்டுப்போட்டு வீட்டுக்குப் போனாள். அந்தக் கட்டோடுதான் அவனுக்குச் சோறு போட்டாள், சட்டை துவைத்தாள். அவன் கெட்டவன் இல்லை. நாளெல்லாம் இரும்பு இடிக்கிற இடத்தில் நின்றுவிட்டுக் காது அடைத்துப்போய் வருவான், சாப்பிடுவான், படுப்பான். கட்டுப் பிரித்த பிறகுதான், "என்ன அது தழும்பு?" என்று கேட்டான். விரிப்பு அவள் விரல்களிலிருந்து வழுக்கி உருளைக்குள் போய்க்கொண்டிருந்தது. கை, கை என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்கிறான். உலகத்தில் வேறு எவளுடைய புருஷன் கேட்கிறான்? அடுத்த விரிப்பை எடுக்க மறந்து நின்றாள். அந்த முனைக்காரி, "அக்கா, தூங்கறீங்களா?" என்று கத்தினாள்.

அன்றிலிருந்து இருமலும் நின்றது. கரண்டி தட்டுவதும் நின்றது. ஃபிரிஜ் பெரும்பாடு பட்டு மூடியது. ஆனால் எல்லாம் அவள் வீட்டில் இருக்கும்போதுதான். பதில் சொல்லாவிட்டாலும் அவள் கைகள் வீட்டுக்குள்ளே இருந்தன, அவை நலமாக இருப்பதை அவன் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவள் போய்விட்டால் எல்லாம் பழையபடி திறந்தே கிடந்தது. வாசல் கதவுக்கு அந்தப் பிடிமானமும் கிடையாது. அவள் கிளம்பும்போது அது மூடினால் அவள் கை அந்தப்பக்கம் போய்விடும், பிறகு பார்க்க முடியாது. மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. வாசல் கதவைச் சாத்த முடியாதவன் எப்படி வேலைக்குப் போவான்? "இன்னிக்குப் பாத்துடலாம்" என்று அவனே ஒரு காலையில் சொன்னான். முகம் சவரம் செய்திருந்தான்.

சலவைக்கூடத்து மேலங்கியைப் போட்டுக்கொண்டு, சோற்றுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் வாசலுக்கு வெளியே போய் நின்றாள். டாக்டர் சொன்னபடி கைகளை அவன் பார்வைக்குப் படாமல் பின்னால் கட்டிக்கொண்டாள். அவன் உள்ளே நின்று கதவைப் பாதி சாத்தினான். அவன் முகம் மறைந்தது. பிடியின் மேல் விரல் முட்டிகள் மட்டும் தெரிந்தன.

"கை."

அவள் மேலங்கியின் காலரைப் பற்களுக்கிடையில் வைத்துக்கொண்டாள். மாடிக்காரர் செருப்புச் சத்தத்தோடு இறங்கி வந்தார், பாதி திறந்த கதவையும் அதற்கு முன்னால் காலரைக் கடித்துக்கொண்டு நிற்கிறவளையும் பார்த்தார், சுவரோரமாக ஒதுங்கிப் போனார்.

"கை." கொஞ்ச நேரம் கழித்து, "ஒரே ஒரு தடவ. இதுக்கப்புறம் கேக்க மாட்டேன்." பிறகு கதவில் நெற்றி இடிக்கிற சத்தம். பிறகு திட்டினான். அவளை, டாக்டரை, சோடாவை, சோடாவின் மூக்கை. பிறகு அவன் மூச்சு மட்டும் இடுக்கின் வழியாக வந்தது, மூட்டை தூக்கி இறக்கினவன் மூச்சு மாதிரி. அவள் பஸ் போயிருக்கும். காலர் நனைந்து உப்புக் கரித்தது.

"ஏம்மா" என்றான். குரல் பழையபடி அவன் குரலாக இருந்தது. "நீ இருக்கியா?"

இதை யாரும் அவளுக்குச் சொல்லிவைக்கவில்லை. கை என்று கேட்டால் பதில் கூடாது. இருக்கியா என்று கேட்டால்? கேட்பது நோயா, அவனா? இத்தனை வருஷத்தில் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ அந்தப் பதில் நெஞ்சிலிருந்து கிளம்பித் தொண்டைக்கு வந்து, நாக்குக்கு வந்து, காலரில் முட்டி நின்றது. சொன்னால் கதவு உடனே மூடிவிடும். அது அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு துணியைக் கடித்தாள்.

உள்ளே தரையில் அவன் கால் விழுந்தது. கதவு அவள் முகத்துக்கு நேராக வந்து, நாதாங்கி பொருந்துகிற சத்தத்தோடு நின்றது.

அவள் கண்ணைத் திறந்தபோது எதிரே மரம் மட்டும் இருந்தது. பெயிண்ட் உரிந்த இடம், ஆணி அடித்த துளை. அந்தக் கதவு மூடியிருக்க, இந்தப் பக்கத்திலிருந்து அவள் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. அவன் கூப்பிடுவான் என்று காத்திருந்தாள். மூடிட்டேன் பாத்தியா என்பான், சிரிப்பான், திறப்பான். கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே தள்ளி ஒரு காலடி விழுந்தது. ஃபிரிஜ் கதவு மூடியது. நெடுநேரம் ஒன்றுமில்லை. மறுபடி காலடி. இழுப்பறை. அவன் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே வீட்டுக்குள் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தான். அலமாரியின் இரண்டு கதவுகள், ஒன்றன்பின் ஒன்று. காலர் எப்போதோ வாயிலிருந்து நழுவியிருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் உதடு அந்தச் சொல்லுக்காக ஒருதரம் திறந்து மூடியது.

கதவைத் தட்டுவதற்கு ஓங்கிய அவள் கை அப்படியே நின்றது. மேலங்கியின் கை சரிந்து, மணிக்கட்டுக்கு மேலே அந்தப் பழைய தழும்பு வெளியே தெரிந்தது. கடைசியாகக் குளியலறைப் பக்கம், கவனித்துக் கேட்டால் மட்டுமே கேட்கும்படி, சோப்புப் பெட்டி மூடியது.